யானைக்காதுச் செடி வளர்க்கப் போகிறீர்களா? முதலில் இலைக்காம்பைப் பாருங்கள்

நர்சரிக்குப் போய் ‘யானைக்காது’ என்று கேட்டால், நான்கு வெவ்வேறு செடிகளில் எது கைக்கு அகப்படுகிறதோ அதை எடுத்துக் கொடுப்பார்கள். நான்கும் ஒரே குடும்பம். இலையும் ஏறக்குறைய ஒரே வடிவம். ஆனால் ஒன்றுக்குக் காலடியில் தண்ணீர் நின்றால் கொண்டாட்டம். இன்னொன்று அப்படி ஒரு வாரம் நின்றால் அழுகிவிடும். வேறொன்று ஆண்டுதோறும் சில மாதங்கள் இலையே இல்லாமல் உறங்கும். மிச்சமுள்ள ஒன்றுக்கு உங்கள் பால்கனி போதாது. சென்னை வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் இவற்றோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: செத்துப்போகும் யானைக்காதுகளில் பாதிக்கு மேல் நன்றாகக் கவனிக்கப்பட்டவை. கவனிப்பு மட்டும் வேறொரு செடிக்கு உரியதாக இருந்திருக்கும்.

ஆகவே உரம், மண், தொட்டி எல்லாம் பிறகு. முதல் வேலை அடையாளம்.

1. நான்கையும் பிரித்துப் பாருங்கள்

கடைக்காரரிடம் பெயர் கேட்டுப் பயனில்லை. ‘ஷோ செடி’ என்பார், ‘குரோட்டன்ஸ்’ என்பார், கொஞ்சம் விவரமானவராக இருந்தால் ‘அலோகேசியா’ என்பார். அவருக்கு எல்லாமே அலோகேசியாதான். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க வேண்டிய இடம் இலையின் முகம் அல்ல, முதுகு.

இலையைத் திருப்புங்கள். காம்பு எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள். இலையின் அகன்ற முனை இரண்டு மடலாகப் பிளந்திருக்கும் அல்லவா, அந்தப் பிளவு காம்பு சேரும் இடம்வரை வருகிறதா, அதற்கு முன்பே நின்றுவிடுகிறதா? பிளவு முன்பே நின்று, காம்பு இலையின் உட்பகுதியில் குடைக்கம்பி போலச் சேர்ந்திருந்தால், பெரிய இலைச் செடிகளில் அது பெரும்பாலும் கொலோகேசியா. அதாவது நம் சேம்பு. சேப்பங்கிழங்கு விளைவதும், ‘பிளாக் மேஜிக்’, ‘மொஹிட்டோ’ என்று கறுத்த இலைக்கும் புள்ளி இலைக்கும் விலை வைத்து விற்பதும் இதே இனம்தான். இலை தரையைப் பார்த்துத் தொங்கும். மேற்பரப்பு பளபளக்காது, மெல்லிய வெல்வெட் போல மங்கலாக இருக்கும். சந்தேகம் தீர விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு இலைமேல் விடுங்கள். சேம்பிலையில் சொட்டு பரவாது. உருண்டு திரண்டு, இலையைச் சற்றே சாய்த்தாலும் நனைத்த தடமே இல்லாமல் ஓடி விழும். காம்பு சேரும் இடத்துக்கு நேர் மேலே, இலையின் முகத்தில், சில வகைகளில் ஊதாப் பொட்டு ஒன்றும் இருக்கும்.

பிளவு காம்புவரை அல்லது அதற்கு வெகு அருகே வந்து, இலை தடிப்பாக, மெழுகு தேய்த்தது போன்ற பளபளப்போடு, நுனி வானத்தைப் பார்த்து நின்றால் அது அலோகேசியா. மாக்ரோரைசோஸ், ஓடோரா ஆகிய பெரிய வகைகள் இப்படித்தான் நிற்கும். வயதாக ஆக மண்ணுக்கு மேலே தண்டு ஒன்றும் எழும். ‘மேல் நோக்கினால் அலோகேசியா, கீழ் நோக்கினால் கொலோகேசியா’ என்ற வாய்ப்பாடு எல்லாரும் சொல்வது. இந்தப் பெரிய வகைகளுக்கு அது சரி. ஆனால் கடையில் நீங்கள் அதிகம் காணப்போகும் அலோகேசியா ‘போலி’ (Polly) என்ற குட்டி வகை. கரும்பச்சை இலையில் வெள்ளை நரம்பு, விளிம்பில் அலை அலையான நெளிவு. இதன் இலை கீழ்நோக்கித் தொங்கும், காம்பும் இலையின் உட்பகுதியில்தான் சேரும். வாய்ப்பாட்டை நம்பினால் இதைச் சேம்பு என்று எண்ணித் தண்ணீரில் நிறுத்திவிடுவீர்கள். சிறிய அலோகேசியாக்களை இலைத் தடிப்பையும் அழுத்தமான நரம்பையும் வைத்தே பிரிக்க வேண்டும். சேம்பிலையைக் காகிதம் போல மடக்கலாம். இவை மடக்கினால் உடையும். இந்தப் ‘போலி’ பிறந்த அமேசானிகா கலப்பினத்தின் பெயரைப் பார்த்து அமேசான் காட்டு மழையை மாடியில் உண்டாக்க முயலாதீர்கள். அது அமெரிக்காவின் மியாமியில் இருந்த அமேசான் நர்சரியில் உருவானது. கடையின் பெயர்தான் செடிக்கு வந்திருக்கிறது.

மூன்றாவது சாந்தோசோமா, வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. பார்வைக்குச் சேம்பின் அண்ணன். ஆனால் பிளவு காம்புவரை முழுதாக இறங்கிவிடும். காம்பு இலையின் உட்பகுதியில் சேராது. வெயிலுக்கு எதிரே இலையைப் பிடித்துப் பார்த்தால், விளிம்பை ஒட்டியே ஒரு நரம்பு தைத்த கரை போல இலையைச் சுற்றி ஓடுவது தெளிவாகத் தெரியும். எலுமிச்சைப் பச்சை நிறத்தில் விற்கப்படும் ‘லைம் ஜிங்கர்’ இந்த இனம்.

நான்காவது கலேடியம். இதில் குழப்பம் குறைவு. இலை மெல்லியது, சிவப்பு, வெள்ளை, ரோஜா நிறங்களில் புள்ளியும் கோடும் இருக்கும், முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது.

‘தாய்லாந்து ஜெயண்ட்’ என்று ஒன்றை விற்பார்கள். ஓர் இலை ஒரு மீட்டரைத் தாண்டும். முன்பு கொலோகேசியாவில் வைத்திருந்தார்கள், இப்போது லூக்கோகேசியா என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். காம்பில் விபூதி பூசியது போல வெண்பொடி படிந்திருக்கும். தரையில் இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

2. வாயில் வைக்காதீர்கள், பெயர் உறுதியாகும்வரை

இந்தக் குடும்பத்தின் இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. பச்சையாக மென்றால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். சேப்பங்கிழங்கையே நாம் நன்றாக வேக வைத்து, புளியும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம். அலங்காரத்துக்காக வளர்க்கும் அலோகேசியாவும் கலேடியமும் சமையலுக்கு உரியவை அல்ல. ‘சேம்புத்தண்டு மாதிரி இருந்தது, பொரியல் செய்தேன்’ என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி மருத்துவமனை எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

வீட்டில் தவழும் குழந்தை, இலையைக் கடிக்கும் நாய், பூனை இருந்தால் தொட்டியைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். முடியாவிட்டால் இந்தச் செடியே வேண்டாம். தவறிக் கடித்துவிட்டால் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஓர் இலையைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கிழங்கைப் பிரிக்கும்போது கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் அன்று முழுக்கக் கை அரிக்கும்.

3. இடத்தை அளந்துவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுங்கள்

மேற்கு வெயில் அடிக்கும் பால்கனிக்குச் சின்ன அலோகேசியா வேண்டாம். மதியம் 2 மணிக்குப் பிறகு விழும் வெயில் இலையின் நடுவில் பழுப்புத் தீய்ப்பைப் போட்டுவிடும். கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த இடம் அவற்றுக்கு ஏற்றது. மொட்டைமாடி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். சேம்பும் பெரிய அலோகேசியாக்களும் வெயிலைத் தாங்கும், ஆனால் சேம்புக்கு வேர் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அறைக்குள் வைக்க ஆசைப்படுபவர்கள் பலர். சன்னலிலிருந்து நான்கடி தள்ளினாலே இவற்றுக்கு இருட்டு. காம்பு நீண்டு, மெலிந்து, இலை ஒன்று வர ஒன்று போகும். குளிரூட்டியின் காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பெரிய வகைக்கு 18 அங்குலத் தொட்டி தேவைப்படும். மண் நனைந்த பிறகு அதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். மாடி பொதுச் சொத்து; குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை தொட்டி, எந்த மூலை, நீர்க்கசிவு வந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும். வாய்ப்பேச்சு அனுமதி, கீழ்வீட்டுக் கூரையில் முதல் ஈரத்திட்டு தெரியும் நாள்வரைதான் செல்லும்.

4. எப்போது வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

சென்னை போன்ற சமவெளி ஊர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை நல்ல காலம். கத்திரி முடிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செடி வேர் பிடித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கூரியரில் வரவழைக்காதீர்கள். அட்டைப் பெட்டிக்குள் செடி வெந்துவிடும். அடைமழைக் காலத்தில் வாங்கினால் புதுச் செடியின் வேர் அழுகும் வாய்ப்பு அதிகம். கலேடியத்தை மட்டும் கிழங்காக வாங்குவதாக இருந்தால் மாசி, பங்குனியில் வாங்கி ஊன்றலாம்.

விலை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். ஓர் உத்தேசக் கணக்குக்காகச் சொல்கிறேன். சேப்பங்கிழங்கு அரைக் கிலோ 30 முதல் 60 ரூபாய். சாதாரணக் கலேடியம் 60 முதல் 150. ‘போலி’ 200 முதல் 400. ‘பிளாக் வெல்வெட்’, ‘ஜெப்ரினா’ எல்லாம் அதற்கு மேல். வெண்திட்டு விழுந்த வகைகள் ஆயிரங்களில் போகும். செடியின் விலையோடு கணக்கு முடியாது. தொட்டி, தென்னைநார்த் தூள், பெர்லைட் (மண்ணில் காற்றோட்டத்துக்குச் சேர்க்கும் வெள்ளைத் துகள்), வேப்ப எண்ணெய் என்று முதல் செடிக்கு 500 முதல் 800 ரூபாய் தனியாக ஆகும்.

என் யோசனை: முதல் செடிக்குப் பணமே செலவழிக்க வேண்டாம். காய்கறிக் கடையில், முனையில் மொட்டு தெரியும் உருண்டையான சேப்பங்கிழங்கு நான்கைந்து பொறுக்குங்கள். ஈர மணலில் மொட்டு மேலே இருக்கும்படி புதையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் குருத்து எட்டிப்பார்க்கும். வெயில், தண்ணீர், பூச்சி எல்லாவற்றையும் இதில் பழகிக்கொண்டு, பிறகு விலையுள்ளதற்குப் போங்கள். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு பருவம் வளர்ந்த சேம்பைத் தொட்டியில் பார்த்தவர்கள் ஏளனம் செய்வதில்லை.

நேரில் வாங்குவதானால் தொட்டியை இலேசாகச் சாய்த்து, அடித்துளையில் வேரைப் பாருங்கள். வெள்ளை அல்லது வெளிர்பழுப்பு வேர் நல்லது. கறுத்துக் கொழகொழவென்றிருந்தால் வேண்டாம். செடியின் அடித்தண்டை இரண்டு விரலால் அழுத்துங்கள், கல்லைப் போல இருக்க வேண்டும். சுருண்ட புதுக் குருத்து ஒன்றாவது இருக்கட்டும். கேரளத்தில் திருச்சூரை ஒட்டிய மண்ணுத்தி, ஆந்திரத்தில் ராஜமுந்திரியை ஒட்டிய கடியம் ஆகிய இரண்டும் நர்சரிகளுக்குப் பேர்போன இடங்கள். அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் ஒரு காலிப் பெட்டியோடு போங்கள்.

இணையத்தில் வாங்குபவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை: விற்பனைப் பக்கத்தின் படம், விற்பவர் செடியின் பெயரை எழுதி அனுப்பிய செய்தி, பணம் கட்டிய ரசீது, பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த இடைவெட்டு இல்லாத காணொளி. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மாற்றுச் செடி கிடைப்பது கடினம். காணொளியில் பெட்டியின் முகவரிச் சீட்டு தெரிய வேண்டும். செத்த செடியை ‘நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை’ என்று சொல்லிக் கைகழுவிவிடுவார்கள். திங்கள்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளியன்று கிளம்பும் பெட்டி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்க வேண்டியது, நீல நிற, வானவில் நிற யானைக்காது ‘விதை’. அப்படி நிறமே கிடையாது, படத்தில் பூசியது. வீட்டு வளர்ப்புக்கு இந்தச் செடிகள் கிழங்காலும், பக்கக்கன்றாலும், திசு வளர்ப்பாலும்தான் பெருகுகின்றன. 99 ரூபாய்க்கு நூறு விதை என்றால் வருவது கீரை விதையாகக்கூட இருக்கலாம். வெண்திட்டுச் செடிக்குப் பெரும்பணம் கொடுக்கும்போது, இலையில் மட்டும் அல்லாமல் காம்பிலும் வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று படம் கேளுங்கள். காம்பு முழுப் பச்சையாக இருந்தால் அடுத்த இலைகள் வெறும் பச்சையாகவே வரக்கூடும்.

5. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைப்பவர்களுக்கு

பாங்காக் போனவர்கள் சந்தையில் அலோகேசியா விலையைப் பார்த்து மயங்குவது இயல்பு. பெட்டிக்குள் நான்கு செடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரலாம் என்று சொல்லும் நண்பர் ஒருவரும் எப்போதும் இருப்பார். கேட்காதீர்கள். இந்தியாவுக்குள் செடி, கிழங்கு எதுவானாலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைக்கு உட்பட்டது. இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று, இந்தியாவில் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறும் இறக்குமதி அனுமதி. மற்றது, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசுத் துறை தரும் தாவர நலச் சான்றிதழ்.

பலரும் சறுக்குவது இங்கேதான். அங்குள்ள விற்பவர் ‘சான்றிதழ் நான் தருகிறேன், 500 பாட் கொடுங்கள்’ என்பார். அவர் தருவது இரண்டாவது ஆவணம் மட்டும். முதலாவது இல்லாமல் அது இங்கே செல்லாது. விமான நிலையத்தில் செடியைப் பறிமுதல் செய்து அழித்துவிடலாம். அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் தாளைக் கொண்டு நீங்கள் வர முடியாது. வேரில் ஒட்டிய மண் துளிகூட இருக்கக் கூடாது. சென்னையில் இதற்கான நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அங்கே விசாரியுங்கள், திரும்பி வந்து இறங்கிய பிறகு அல்ல. கட்டணம், ஆய்வு, காத்திருப்பு எல்லாம் கூட்டிப் பார்த்தால், நான்கைந்து செடிக்காக இந்த வழி கட்டுபடியாகாது. உள்நாட்டில் முறையாக இறக்குமதி செய்து பெருக்கி விற்பவரிடம் வாங்குவதே மலிவு.

6. வந்த செடியை உடனே தொட்டி மாற்றாதீர்கள்

கூரியரில் வந்த செடி களைத்திருக்கும். பிரித்ததும் இலைகளின் முன்னும் பின்னும் ஈரத்துணியால் துடையுங்கள். செஞ்சிலந்தியோ மாவுப்பூச்சியோ இருந்தால் அப்போதே தெரியும். மற்ற செடிகளிடமிருந்து இரண்டு வாரம் தள்ளி, நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு பழைய இலைகள் மஞ்சளாகி விழும். அது கணக்கில் இல்லை. புதுக் குருத்து அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். திசு வளர்ப்புக் குட்டிகள் ஆய்வகக் கண்ணாடிக் குடுவையின் ஈரத்தில் வளர்ந்தவை. முதல் பத்து நாள் அவற்றின்மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் பை கவிழ்த்து, தினம் சற்றுச் சற்றாகத் திறந்து விட வேண்டும்.

7. மண்: இங்கேதான் இனம் தெரிந்தது பயன்படும்

சேம்புக்கு: தோட்ட மண் அல்லது செம்மண் பாதி, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் கால், தென்னைநார்த் தூள் கால். கனமாக, ஈரம் பிடித்து நிற்க வேண்டும்.

அலோகேசியாவுக்கு இந்தக் கலவை எமன். அதற்குக் காற்று வேண்டும். தென்னைநார்த் துண்டுகள் (தூள் அல்ல), பெர்லைட், கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம். கலவையைக் கைப்பிடி நிறைய எடுத்து இறுக்கிப் பிடித்து விட்டால் உதிர்ந்துவிட வேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் இன்னும் துண்டு சேருங்கள். கடையிலிருந்து வரும் அலோகேசியா பெரும்பாலும் வெறும் தென்னைநார்த் தூளில் இருக்கும். நர்சரியின் நிழல்குடிலில் அளந்து தண்ணீர் விடும் இடத்தில் அது சரி. உங்கள் வீட்டில் மேலே காய்ந்து உள்ளே சொதசொதவென்று கிடக்கும். இரண்டு வாரம் கழித்து மாற்றிவிடுங்கள்.

தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். அதில் உப்பு இருக்கும். விற்பவர்கள் ‘கழுவியது’ என்று அச்சிட்டிருந்தாலும் அலசுங்கள்.

கலேடியத்துக்கு இரண்டுக்கும் நடுவான கலவை போதும். சாந்தோசோமாவைத் தரையில் நட்டுவிடுங்கள், சண்டை வேண்டாம்.

தொட்டி பெரிதாக இருந்தால் செடியும் பெரிதாகும் என்ற எண்ணம் அலோகேசியாவிடம் பலிக்காது. வேர்ப்பந்தைவிட ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் அகலம் போதும். மிச்ச மண் முழுக்க ஈரத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

8. தண்ணீர்

சேம்புத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டிலேயே நிறுத்தலாம். அடித்துளை இல்லாத தொட்டியில்கூட வளரும். ஆனால் தேங்கிய தண்ணீர் என்றால் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். மாநகராட்சி ஆய்வுக்கு வரும்போது தட்டில் புழு நெளிந்தால் அபராதம் உங்களுக்குத்தான். தட்டில் மணலை நிரப்பி, மணல் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் நிற்கும்படி பாருங்கள். பெரிய தொட்டி என்றால் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் நான்கு விடுங்கள்.

அலோகேசியாவுக்கு விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ‘வாரம் இரண்டு முறை’ என்று அட்டவணை போட்டு ஊற்றுபவர்களின் செடிதான் ஐப்பசியில் முதலில் போகும். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

இலை நுனியும் விளிம்பும் கருகினால் பூச்சியைத் தேடுவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. அதைவிட மோசம், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீர். வீணாகிறதே என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டி நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. மாறாக, குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இருக்காது. ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள், கோடையில் நான்கைந்து அலோகேசியாவுக்கு அதுவே போதும்.

காலையில் இலை நுனியில் சொட்டு நின்றால் பதறாதீர்கள். தண்ணீர் மிகுதியாக இருக்கும்போது செடி நுனி வழியே வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். தினமும் தரை நனைந்தால் ஊற்றுவதைக் குறையுங்கள்.

உரம், வளரும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, 19:19:19 கரையும் உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம். காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். உறங்கும் செடிக்கு உரம் வேண்டாம்.

9. பூச்சியும் நோயும்

கோடையில் அலோகேசியாவின் எதிரி செஞ்சிலந்தி. இலையின் பச்சை மங்கி, ஊசியால் குத்தியது போல வெளிர்புள்ளிகள் வரும். இலை முதுகில் நரம்போரம் வெள்ளைத்தாளை வைத்துத் தட்டுங்கள். விழும் தூசி நகர்ந்தால் அதுதான். குழாயடியில் இலை முதுகை வேகமாகக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டுத் திரவச் சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஐந்து நாளுக்கு ஒன்று வீதம் மூன்று முறையாவது செய்ய வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்துத் திரும்ப வந்துவிடும்.

சேம்பில் ஒரே இரவில் இலை பாதி காணாமல் போனால் புழு. டார்ச் விளக்கோடு இரவில் இலையின் அடியைப் பாருங்கள், கையால் எடுத்துவிடுங்கள். மருந்து தேவையில்லை.

சேம்புக்கு உண்மையில் அஞ்ச வேண்டியது இலைக்கருகல். ஃபைட்டோப்தோரா கொலோகேசியே என்ற நுண்ணுயிரி. 1993இல் சமோவா தீவுகளின் சேம்புப் பயிரையே இது வாரிக்கொண்டு போனது. தொடர்மழை நாட்களில் இலையில் தண்ணீர் ஊறிய வட்டப் புள்ளி தோன்றும். அது வளைய வளையமாக விரியும். விளிம்பில் தேன் நிறத் துளிகள் கசிந்து நிற்கும். பார்த்த அன்றே அந்த இலையை அறுத்து, குப்பையில் கட்டிப் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். இலைமேல் தண்ணீர் படாமல் ஊற்றுங்கள், தொட்டிகளைத் தள்ளி வையுங்கள். கிழங்குக்காக அதிகமாக வளர்ப்பவர்கள், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘முக்தகேசி’ ரகத்தை விசாரிக்கலாம். கருகலைத் தாங்கும் ரகம் அது.

10. உறங்கும் செடியைக் குப்பையில் போடாதீர்கள்

கார்த்திகை, மார்கழியில் கலேடியம் ஒவ்வோர் இலையாகச் சாயும். இது சாவு அல்ல. தண்ணீரை மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். இலை முழுதும் காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, மண்ணைத் தட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணல் அல்லது உமியில் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். தொட்டியிலேயே விடுவதானால் மழை படாத மூலையில் தள்ளுங்கள். மாசியில் திரும்ப ஊன்றலாம்.

அலோகேசியா சமவெளியில் குளிருக்காக உறங்குவது குறைவு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வாசிகளுக்குத்தான் அந்தத் தொல்லை. ஆனால் வேர் காய்ந்தோ, அழுகியோ, இடம் மாறிய அதிர்ச்சியிலோ எல்லா இலையையும் உதிர்த்துவிட்டு நிற்பது எங்கும் நடக்கும். தோண்டிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்த வேரை வெட்டி, ஈரமான பெர்லைட்டில் பாதி புதைத்து, மூடியுள்ள டப்பாவில் வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம்.

11. பெருக்குவது

சேம்பில் தாய்க்கிழங்கைச் சுற்றிப் பக்கக்கிழங்குகள் தாமாக வரும். நட்ட ஆறு, ஏழு மாதத்தில் இலைகள் மஞ்சளானதும் எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். அலங்கார வகைகள் சிலவற்றில் மண்மேல் ஓடும் தண்டு கிளம்பும். ‘இல்லஸ்ட்ரிஸ்’ அதில் கெட்டிக்காரன், பக்கத்துத் தொட்டியையும் பிடித்துக்கொள்ளும். மிஞ்சியதை ஏரி, கால்வாய்க் கரையில் வீசாதீர்கள். அது அங்கே வேரூன்றி நீரோரத்தையே மூடிவிடும்.

அலோகேசியாவில் வேலை சுவாரசியமானது. தொட்டி மாற்றும்போது வேர்களுக்கிடையே பழுப்புத் தோலோடு, பட்டாணி முதல் கொண்டைக்கடலை அளவில் சிறு கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கல் என்று எண்ணிப் பழைய மண்ணோடு கொட்டிவிடுபவர்களே அதிகம். அவற்றைப் பொறுக்கிக் கழுவி, மேல்தோலை நகத்தால் மெதுவாக உரியுங்கள். உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான கிழங்கு தெரியும். கூர்முனை மேலே இருக்கும்படி ஈரப் பெர்லைட்டில் பாதி புதைத்து, மூடிய கண்ணாடி டப்பாவில் வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள். சில மூன்று வாரத்தில் முளைக்கும், சில மூன்று மாதம் சும்மா இருக்கும். இரண்டாவது இலை விரிந்து, வேர் இரண்டு அங்குலம் ஓடிய பிறகு 3 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஒவ்வொரு டப்பாவிலும் இனத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். குட்டியில் பெரும்பாலும் காம்பு இலையின் உட்பகுதியில்தான் சேர்ந்திருக்கும். முதல் பகுதியில் சொன்ன அடையாளங்கள் அப்போது உதவாது. பேனா மை மழையில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதுங்கள்.